முன்னறைக் கட்டில்

"இல்லவே இல்ல. அந்த மனுஷனுக்குப் புத்தி பிசகல, பெவ். பிசகிக் கெடக்கறது ஒன் நாக்கு."

இப்படித்தான் சொன்னேன், முகத்துக்கு நேராகவே. மூலை வீட்டு பெவ் ஸ்டாட்லர் என் சமையலறையில் உட்கார்ந்து, நான் போட்ட காபியைக் குடித்துக்கொண்டு, எதிர்வீட்டில் இருந்துவிட்டுப் போன லைல் ஹாஃப்னரைப் பற்றிப் புதிதாகக் குடிவந்தவர்களிடம் தான் சொன்னதையெல்லாம் என்னிடம் ஒப்பித்துக்கொண்டிருந்தாள்.

"பின்ன என்ன, மிஸ் வெர்னா? நாப்பத்தஞ்சு வயசு ஆம்பள, ரோஜாப்பூ போட்ட போர்வையைப் போத்திக்கிட்டு, சின்னப் பொண்ணு கட்டில்ல முழங்காலை மடக்கிட்டுப் படுத்திருந்தாரு. தெருவே பாத்துச்சு. ஜன்னலுக்கு ஒரு திரை கெடையாது. முன்வாசக் கதவைத் தொறந்து நான் கண்டதே இல்ல. அப்படிப்பட்ட வீட்டுல இருந்து பொண்டாட்டி ஓடாம என்ன பண்ணுவா?"

"ஓடல. நடந்துதான் போனா. பெட்டியைத் தூக்கிட்டுப் போயி அவ கார்ல வச்சதே அவன்தான். நான் பாத்தேன்."

"நீங்க எதைத்தான் பாக்கல!"

"எதிர்வீட்டுக்காரி பாக்காம வேற யாரு பாப்பா? பாத்ததாலதான் சொல்றேன், கேளு."

அவள் கேட்கவில்லை. அடுப்பில் ஏதோ வைத்துவிட்டு வந்ததாகச் சொல்லி எழுந்து போய்விட்டாள். அதனால்தான் இதைச் சொல்லி எழுதி வைக்கச் சொல்கிறேன். நான் பள்ளிக்கூடத்து வாசலை மிதித்தவள் இல்லை; சொல்வதை ஒருத்தி எழுதினால்தான் உண்டு. எழுதுகிறவள் நடுவில் திருத்தக் கூடாது.

லைலும் மார்லிஸும் இந்தப் பக்கம் வீடு தேடி வந்தபோது அவர்கள் பெண் கொரினுக்கு நான்கு வயது. அந்தக் கோடைகாலம் முழுக்க ஞாயிறுதோறும் வீடு பார்த்தார்கள். மார்லிஸிடம் ஒரு நீல நோட்டுப் புத்தகம் இருந்தது. நடுவில் கோடு போட்டு, ஒரு பக்கம் கெல்லர்டன், மறுபக்கம் மார்ஷ் க்ரீக் என்று எழுதியிருந்தாள். இரண்டும் பக்கத்துப் பக்கத்து ஊர்கள். ஆனால் பள்ளிக்கூடம் தனித்தனி. எந்த எல்லைக்குள் வீடு இருக்கிறதோ அந்தப் பள்ளிக்குத்தான் பிள்ளை போகலாம். இங்கே வீடு வாங்குகிறவர்கள் கூரை ஒழுகுகிறதா என்று பார்ப்பதற்கு முன்னால் அதைத்தான் பார்ப்பார்கள்.

கொரினுக்குத் திக்குவாய். ஒரு சொல்லைப் பிடித்துக்கொண்டு அரை நிமிடம் நிற்பாள், முகம் சிவந்துபோகும். கெல்லர்டன் பள்ளியில் பேச்சுக்கென்றே ஒரு டீச்சர் தினமும் இருந்தாள். மார்ஷ் க்ரீக்கில் நான்கு பள்ளிகளுக்குச் சேர்த்து ஒருத்தி, செவ்வாய்க்கிழமை மட்டும் வந்துபோவாள். நோட்டில் மற்றதெல்லாம் ஏறக்குறைய சமம். மார்ஷ் க்ரீக்கில் அவர்களுக்குக் கட்டுப்படியாகிற வீடுகள் நிறைய இருந்தன. ஒரு வீட்டில் கணப்படுப்பு வைத்த பெரிய கூடம். மார்லிஸ் அதன் நடுவில் நின்று கைகளை விரித்துப் பார்த்தாளாம். கெல்லர்டனில் லைலின் சம்பளத்துக்கு ஒன்றும் தேறவில்லை. அவன் வீடுகளுக்கு ஹீட்டர் பழுது பார்க்கிற மெக்கானிக்.

"பெரிய கூடத்துல உக்காந்து பேச, முதல்ல அவளுக்குப் பேச வரணும்ல?" என்று அவன் சொன்னதாக மார்லிஸே என்னிடம் சொன்னாள். அதோடு நோட்டை மூடிவிட்டாளாம்.

என் எதிர்வீடு இரண்டு வருடமாக விற்காமல் கிடந்தது. காரணம் ஊருக்கே தெரியும். அந்தக் காலத்தில் ஓர் ஓடைதான் இரண்டு ஊருக்கும் எல்லை. ஓடையைத் தூர்த்து மேலே வீடு கட்டிவிட்டார்கள். வரைபடத்தில் மட்டும் கோடு அப்படியே வீட்டுக்குள் ஓடுகிறது. முன்னறையும் சமையலறையும் கெல்லர்டன். பின்னால் இருக்கிற இரண்டு படுக்கையறையும் மார்ஷ் க்ரீக். வாங்க வந்தவர்கள் எல்லோரும் கேட்டுவிட்டுச் சிரித்தார்கள். லைல் ஒருத்தன்தான் கெல்லர்டன் பள்ளி அலுவலகத்துக்கே போய் விசாரித்தான்.

அங்கே மேசைக்குப் பின்னால் இருந்த அம்மாள் சொன்னாளாம்: "கொழந்தையோட கட்டில் எந்தப் பக்கம் கெடக்குதோ அந்தப் பள்ளிக்கூடம்தாங்க. ஆனா ஒண்ணு, சும்மா பேருக்கு இருக்கக் கூடாது. பாத்தாலே தெரியணும்."

பார்த்தாலே தெரியணும். இதை நினைவில் வைத்துக்கொள்ளுங்கள்.

வீடு வாங்கினான். முன்னறை சின்னது. ஒரு சுவரில் சூடு வரும் துவாரம், ஒரு சுவரில் உள்ளே போகும் வழி. மிச்சம் இருந்த இடத்தில் கட்டிலைப் போட்டால் தலைமாடு வாசல்கதவை அடைத்துக்கொண்டது, பக்கவாட்டுச் சட்டம் தெருவைப் பார்த்த ஜன்னலோடு ஒட்டிக்கொண்டது. அன்றைக்கு மூடிய முன்கதவுதான், பிறகு திறக்கவே இல்லை. போகவர எல்லாம் சமையலறைக் கதவு வழியாக. சோபாவைப் பின்னறைக்குக் கொண்டுபோனார்கள். விருந்தாளி என்று யாராவது வந்தால் சமையலறையைத் தாண்டி, குளியலறையைத் தாண்டி, தம்பதியின் கட்டிலையும் பார்த்துக்கொண்டேதான் சோபாவுக்குப் போய்ச்சேர வேண்டும். யார் போவார்கள்?

ஒரு ஈஸ்டருக்கு மார்லிஸ் சர்ச் பெண்களைக் கூப்பிட்டாள். ஏழு பேர் போனோம். சமையலறையில் நான்கு பேருக்கு இடம். மூன்று பேர் குழந்தையின் கட்டிலில் வரிசையாக உட்கார்ந்து, உருளைக்கிழங்கு சாலட் தட்டை மடியில் வைத்துச் சாப்பிட்டோம். தெருவில் போகிறவர்கள் ஜன்னல் வழியாக எங்களைப் பார்த்துக் கையசைத்தார்கள். நான் கையசைத்தேன். மார்லிஸ் அசைக்கவில்லை. அதற்குப் பிறகு அந்த வீட்டுக்கு யாரையும் அவள் கூப்பிட்டதில்லை.

ஐந்து வருடம் பொறுத்தாள். கெட்டவள் இல்லை. நாலு பேரோடு உட்கார்ந்து பேசினால்தான் அவளுக்கு மூச்சு வரும். அவனுக்கோ வீட்டில் மனிதர்கள் இல்லாதது உறைக்கவே இல்லை. கொரினுக்கு ஒன்பது வயதில் அவள் மார்ஷ் க்ரீக்கில் கூடம் உள்ள ஒரு மாடிக் குடித்தனம் பார்த்துக்கொண்டு போனாள். பள்ளி விஷயத்தில் மட்டும் இரண்டு பேருக்கும் சண்டை இல்லை. பள்ளிக்கு அப்பா வீடுதான் வீடு, ஞாயிறு மாலையிலிருந்து வெள்ளி மாலைவரை பெண் அங்கேதான் என்று நீதிபதி எழுதிக் கொடுத்தார். அந்தத் தாளை லைல் அலமாரிக் கதவுக்கு உள்பக்கம் ஒட்டி வைத்தான்.

மினசோட்டாவில் அவன் தம்பி வெர்லின் இருந்தான். ஏரிக்கரையில் படகு எந்திரம் பழுது பார்க்கிற கடை. "தனியா கெடந்து என்ன பண்றே, வந்துடு" என்று ஒவ்வொரு கிறிஸ்துமஸுக்கும் போனில் கூப்பிடுவான். லைல் "இன்னும் ஒம்பது வருஷம்" என்றான். அடுத்த வருடம் "இன்னும் எட்டு". பிறகு வெர்லின் கூப்பிடுவதை விட்டுவிட்டு, போனை எடுத்ததும் "எத்தனை?" என்று மட்டும் கேட்பானாம்.

சனிக்கிழமைகளில் அவனைப் பார்க்க எனக்கே சகிக்காது. பெண் அம்மா வீட்டுக்குப் போயிருப்பாள். அவன் சமையலறை மேடை அருகே நின்றபடியே சாப்பிடுவான்.

"பின்னால சோபா இருக்குல்ல, போயி உக்காந்து சாப்பிடேம்ப்பா" என்றேன் ஒருமுறை.

"அது மார்ஷ் க்ரீக், மிஸ் வெர்னா. அங்க எனக்கு யாரையும் தெரியாது" என்றான்.

அவன் வாயிலிருந்து நான் கேட்ட ஒரே வேடிக்கைப் பேச்சு அது. சொல்லிவிட்டுத் தட்டைக் கழுவப் போய்விட்டான்.

கொரினுக்குப் பேச்சு வந்தது. ஒரே நாளில் வந்துவிடவில்லை. அந்த டீச்சர் லைலையும் கூப்பிட்டுப் பழக்கினாள்: பெண் ஒரு சொல்லில் நின்றால் நீங்கள் முடித்து வைக்காதீர்கள், கண்ணை எடுக்காமல் காத்திருங்கள் என்று. அவனும் காத்திருப்பான். அடுப்பில் பால் பொங்கினாலும் அவள் வாயைப் பார்த்துக்கொண்டே நிற்பான். பதினோரு வயதில் ஒருநாள், நான் நாயைத் தேடி அவர்கள் வேலியோரம் போனபோது, அந்தப் பக்கமிருந்து "மிஸ் வெர்னா, ஒங்க நாய் எங்க தக்காளியையெல்லாம் தின்னுட்டுது!" என்று ஒரே மூச்சில் கத்தினாள். ஒரு சொல்லிலும் நிற்கவில்லை. அவர்கள் சமையலறையில் ஓடிக்கொண்டிருந்த குழாய்த் தண்ணீர் நின்றது. அவன் வெளியே வரவில்லை. கொஞ்ச நேரம் கழித்துத்தான் தண்ணீர் மறுபடி ஓடியது. என் நாயை நான் அன்றைக்குத் திட்டவே இல்லை.

பெண் வளர்ந்தாள். பள்ளிப் பேருந்து அந்த ஜன்னலுக்கு முன்னால்தான் நிற்கும். திரையில்லாத ஜன்னல், கட்டில், ரோஜாப்பூ போர்வை எல்லாம் பேருந்தில் இருக்கிறவர்களுக்கு அப்படியே தெரியும். 'ஷோகேஸ்' என்று பெயர் வைத்துவிட்டார்கள். உடை மாற்ற அவள் குளியலறைக்குப் போவாள், எப்போதும் அப்படித்தான். ஆனால் பதினாறு வயதுப் பெண் தன் கட்டிலில் உட்கார்ந்து அழக்கூட முடியாது என்றால்?

திரை கேட்டாள். அவள் கேட்ட எதற்கும் இல்லை என்று சொல்லாதவன் அதற்கு மட்டும் இல்லை என்றான்.

"இன்னும் ஒண்ணரை வருஷந்தான், கண்ணு. ஆபீஸ்ல சொல்லியிருக்காங்க. பாத்தாலே தெரியணும்."

பிப்ரவரியில் ஒரு வெள்ளிக்கிழமை அம்மா வீட்டுக்குப் போனவள் ஞாயிற்றுக்கிழமை திரும்பவில்லை. மார்லிஸ்தான் காரில் பள்ளிக்குக் கொண்டுவிட்டாள். லைல் போன் செய்தான். அவள் பேச வரவில்லை. நீதிபதியின் தாளைக் காட்டிக் கூட்டி வந்திருக்கலாம். செய்யவில்லை. அழுதுகொண்டு வருகிற பெண் அந்தக் கட்டிலில் படுக்க வேண்டாம் என்று நினைத்தானாம். ஆனால் கட்டில் காலியாகக் கிடந்தால் பள்ளிக்கூடம் போய்விடுமே!

அப்போதுதான் அவன் அங்கே படுக்க ஆரம்பித்தான். பெவ் பார்த்தது அதைத்தான்.

நானும் பார்த்தேன். பார்த்துவிட்டு மற்றவர்களைப் போலப் போனைத் தேடவில்லை. சோளரொட்டி சுட்டு எடுத்துக்கொண்டு அவன் சமையலறைக் கதவைத் தட்டினேன்.

"ஏம்ப்பா லைல், ஒனக்குன்னு பின்னால ஆறடிக் கட்டில் கெடக்கே. இதுல சுருண்டுகிட்டு ஏன் படுக்கறே? முதுகு என்னத்துக்கு ஆகும்?"

அவன் ரொட்டியை வாங்கிக்கொண்டு தரையைப் பார்த்தான். "போர்வை கலையாம இருந்தா யாரும் படுக்கலன்னு எழுதிருவாங்க, மிஸ் வெர்னா."

"யாரு எழுதுவா?"

"ஆபீஸ்ல இருந்து வர்றவங்க."

"யாரு வந்தா இதுவரைக்கும்?"

"யாரும் வரல."

பன்னிரண்டு வருடம், பாருங்கள். வராத ஒருவருக்காக ஜன்னலைத் திறந்து வைத்திருந்தான்.

ஆனால் ஏழாவது வாரம் ஒருவர் வந்தார். இந்த மாதிரி விஷயத்தைத் தெரிவிக்கப் பள்ளி அலுவலகத்தில் ஒரு போன் நம்பர் வைத்திருக்கிறார்கள். யார் அந்த நம்பருக்குப் பேசினார்கள் என்று எனக்குத் தெரியும். பெயர் சொல்ல மாட்டேன். அவள் என் வீட்டில் காபி குடிக்கிறவள்.

வந்தவர் பெயர் ஓடம். போலீஸில் இருந்து ஓய்வு பெற்றவர், பெரிய மீசை, கையில் எழுதுகிற அட்டை. காலை ஆறரைக்கு வந்து காரில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்திருக்கிறார். லைல் எழுந்து போர்வையை உதறுவதையும் பார்த்திருக்கிறார். அவர் சமையலறைக் கதவுக்குப் போனபோது நானும் செருப்பை மாட்டிக்கொண்டு தெருவைக் கடந்துவிட்டேன். யாரும் கூப்பிடவில்லை. போனேன்.

"ஒங்க பொண்ணு எங்க சார்?" என்றார்.

"அவ இங்கதான் இருக்கா, இப்பத்தான் பஸ்ஸுக்கு..." என்று நான் ஆரம்பித்தேன். எனக்குப் பொய் சொல்ல வெட்கமில்லை, ஒரு பிள்ளையின் படிப்புக்காக.

"வேண்டாம், மிஸ் வெர்னா" என்றான் லைல். பிறகு அவரைப் பார்த்து, "ஏழு வாரமா வரல. நான்தான் படுக்கறேன்" என்றான்.

ஓடம் எழுதிக்கொண்டார். எழுதிக்கொண்டே முன்னறையை எட்டிப் பார்த்தார். "ஏன் வரல?"

"திரை கேட்டா. நான் போடல."

"ஏன் போடல?"

"ஆபீஸ்ல சொன்னாங்களே. பாத்தாலே தெரியணும்னு."

அந்த மனிதர் எழுதுவதை நிறுத்தினார். சிரிக்கப் போகிறார் என்று நினைத்தேன். சிரித்திருந்தால் ரொட்டிக் கட்டையை எடுத்திருப்பேன். அவர் சிரிக்கவில்லை. ரொம்ப மெதுவாகச் சொன்னார்:

"சார், அதுக்கு அர்த்தம், ஏமாத்தறதுக்காக ஒரு கட்டில் போட்டு வைக்காதீங்கன்னுதான். உள்ள வந்து பாத்தா ஒரு புள்ள வாழற ரூம்னு தெரியணும். தெருவுக்குக் காட்டணும்னு இல்ல. என் பேத்தி ரூம்ல மூணு திரை தொங்குது."

லைல் கட்டிலைப் பார்த்தான், ஜன்னலைப் பார்த்தான். "யாரும் சொல்லலையே" என்றான்.

யார் சொல்வது? ஹீட்டர் மெக்கானிக் அவன். குறிப்புத் தாளில் முக்கால் திருகு என்று இருந்தால் முக்கால் திருகுதான் திருகுவான். உட்கார்ந்து பேச ஒரு இடம் அந்த வீட்டில் இருந்திருந்தால், யாராவது ஒருத்தர் காபியைக் கையில் வைத்துக்கொண்டு, "ஏம்ப்பா, ஒரு திரை போடக் கூடாதா?" என்று கேட்டிருப்பார்கள். கேட்டிருந்தால் அவன் காரணம் சொல்லியிருப்பான். சொல்லியிருந்தால் அவர்கள் சிரித்துத் திருத்தியிருப்பார்கள். நானும்தான் கேட்கவில்லை. தினமும் பார்த்தேன். அவரவர் வழக்கம் என்று விட்டுவிட்டேன்.

"பத்து நாள் டைம் தர்றேன்" என்றார் ஓடம். "அதுக்குள்ள பொண்ணு இங்க இருக்கணும். இல்லன்னா நான் எழுதித்தான் ஆகணும்."

அன்றைக்கு அவன் வேலைக்குப் போகவில்லை. கடையிலிருந்து கருநீலத் துணி வாங்கி வந்தான், என்ன அளவு என்று தெரியாமல் கட்டுக் கட்டாக. நான் மடித்துத் தைத்தேன். அவன் மட்டக்கருவி வைத்துப் பார்த்துக் கம்பி மாட்டினான். திரையை இழுத்து மூடியதும் முன்னறை இருட்டாயிற்று. அந்த இருட்டில் கொஞ்ச நேரம் நின்றான்.

மறுநாள் மார்லிஸ் வீட்டுக்குப் போனான். அங்கே நடந்ததை அவன் எனக்குச் சொன்னது இவ்வளவுதான். சோபாவில் உட்கார வைத்தார்கள். எதிரே கொரின். "நான் தப்பாப் புரிஞ்சுக்கிட்டேன், கண்ணு. திரை போட்டாச்சு" என்றான். அவள் பேசவில்லை. கோபத்தில் பேசவில்லையா, வார்த்தை நின்றுகொண்டதா என்று அவனுக்குத் தெரியவில்லை. டீச்சர் சொன்னபடி கண்ணை எடுக்காமல் காத்திருந்தான். ரொம்ப நேரம் காத்திருந்தான். கடைசியில் அவள் கேட்டாளாம்:

"எ... எ... என்ன கலர்?"

"நீலம்."

ஒன்பதாவது நாள் ஞாயிறு மாலை, பெட்டியோடு வந்து சமையலறைக் கதவைத் தட்டினாள்.

அதற்கப்புறம் தெருவுக்குப் பார்க்க ஒன்றுமில்லாமல் போயிற்று. எனக்கும்தான். பெண் திரைக்குப் பின்னால் படித்தாள், தோழியரோடு போனில் பேசினாள். அவன் சமையலறையில் நின்றபடி அந்தப் பேச்சுச் சத்தத்தைக் கேட்டுக்கொண்டிருப்பான். என்ன பேசுகிறாள் என்று கேட்க மாட்டான், தடங்கலில்லாமல் பேசுகிறாளா என்று மட்டும்தான். அவளும் அவனும் முன்போல ஆனார்களா என்றால், எனக்குத் தெரியாது. ஏழு வாரம் சின்னது இல்லை. மரியாதையாக இருந்தார்கள். படிப்பு முடிந்து பட்டமளித்த அன்று, கெல்லர்டன் பள்ளி மைதானத்தில் நாற்காலி போட்டு, தொப்பி வைத்த பிள்ளைகளை ஒவ்வொருவராகக் கூப்பிட்டபோது, லைல் ஒரு பக்கமும் மார்லிஸ் ஒரு பக்கமும் நான் நடுவிலும் இருந்தோம். பெயரைக் கேட்டதும் அவன் கைதட்ட மறந்துவிட்டான். நான்தான் முழங்கையால் இடித்தேன்.

அந்தக் கிறிஸ்துமஸுக்குக் கேட்க ஒன்றும் இல்லாதபடி, ஆகஸ்டிலேயே வெர்லினுக்கு அவனே போன் செய்து, "இனி ஒரு வருஷமும் பாக்கி இல்ல, வர்றேன்" என்றான்.

கொரின் கல்லூரிக்குப் போகும்போது திரையைக் கழற்றி மடித்து எடுத்துக்கொண்டு போய்விட்டாள். வேறு எதையும் அவள் கேட்கவில்லை.

வீட்டை ஒரு இளம் தம்பதிக்கு விற்றான். பிள்ளை இல்லை. முன்னறையில் சோபா போடப் போவதாகச் சொன்னார்கள்.

அவன் கிளம்பிய நாள் செவ்வாய்க்கிழமை. மழை பெய்து விட்டிருந்தது. நான் என் வாசல்படியில் உட்கார்ந்து பட்டாணி உரித்துக்கொண்டிருந்தேன். திரையில்லாத ஜன்னல் வழியாக அவன் கட்டிலைக் கழற்றுவது தெரிந்தது. ஒவ்வொரு திருகாணியையும் ஒரு டப்பாவில் போட்டான். பலகைகளைச் சுவரோரம் சாய்த்தான். பிறகு தாழ்ப்பாளை நீக்கி வாசல்கதவைத் தள்ளினான். அசையவில்லை, பதினான்கு வருடத்துப் பெயின்ட் ஒட்டிப்போயிருந்தது. தோளால் ஒரு மோது மோதினான். இரண்டாவது மோதலில் திறந்துகொண்டது. அந்த வீட்டு முன்கதவின் விளிம்பு பச்சை நிறம் என்பதே எனக்கு அன்றைக்குத்தான் தெரியும்.

படியில் வந்து நின்றான், யாரோ வீட்டுப் படியில் நிற்கிறவனைப் போல. சட்டைப்பையைத் தடவினான். மறுபடி தடவினான்.

"என்னப்பா தேடறே?" என்றேன் இங்கிருந்தே.

"இந்தக் கதவுக்குச் சாவி எங்க இருக்குன்னு தெரியல, மிஸ் வெர்னா."

"உள்பக்கம் தாப்பா போட்டுட்டு, சமையக்கட்டு வழியாத்தான் வாயேன்."

அவன் யோசித்தான். பிறகு தலையை ஆட்டினான், இல்லை என்று. கதவை மெல்லச் சாத்தினான்.

"புது ஆளுங்க மத்தியானம் வந்துருவாங்க. அதுவரைக்கும் கொஞ்சம் பாத்துக்கிறீங்களா?"

"வேற எனக்கு என்ன வேலை? பாத்துக்கறேன், போ."

படியில் புல் முளைத்திருந்தது. அதை மிதிக்காமல், ஒவ்வொரு படியாகப் பார்த்துப் பார்த்து இறங்கிப் போனான்.